மூன்று அங்குலத்துக்குள்

கடைக்காரப் பாய் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேலே வைத்துக்கொண்டிருக்கிறார். ஏழோ எட்டோ எடுத்து வைத்தாயிற்று. எல்லாம் மடங்கிக் கிடக்கின்றன. மடங்கிக் கிடக்கும்போது கத்தி என்றே தெரியவில்லை, மூக்குக்கண்ணாடிக் கூடு என்று சொல்லி வைத்தால்கூட யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கலாமணி விரல் நுனியால் ஒன்றைத் தள்ளுகிறாள், இன்னொன்றைத் தன் பக்கம் இழுக்கிறாள், காய்கறிக் கடையில் வெண்டைக்காய் பொறுக்குகிற கை அது, எதற்கும் அவசரப்படாது. நான் வலது தொடை மேசையில் பட்டுவிடாமல் ஒரு சாண் தள்ளி நிற்கிறேன். பட்டால் டொக்கென்று சத்தம் வரும். என் பேன்ட்டின் வலது பாக்கெட்டில் ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. இரண்டு வருஷமாக இருக்கிறது. மார்ச் மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமையும் இருந்தது. கலாமணியின் துப்பட்டா கம்பெனி கன்வேயர் பெல்ட்டில் சிக்கி அவள் கழுத்தை இறுக்கிய இருபத்தைந்து விநாடியும் அங்கேயேதான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன். பல்லால் கடித்துக் கிழித்தது கம்பெனி முழுக்கத் தெரியும். மற்றது யாருக்கும் தெரியாது. என் பெண்டாட்டிக்குத் தெரியாது, கலாமணிக்குத் தெரியாது, அவள் என் பக்கம் திரும்பி ஒரு கறுப்புப் பிடிக் கத்தியைக் காட்டி இது எப்படி என்று புருவத்தைத் தூக்குகிறாள், நானும் நல்லா இருக்குது என்று தலையாட்டுகிறேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்தாள். வந்தால் நான் எழுந்து குனிய வேண்டும், அவள் என் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டு வருவாள், அதுதான் இப்போதெல்லாம் வழக்கம். குரல் என்று சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை, காற்று மட்டும் வரும், காற்றுக்குள் எழுத்துகள் இருக்கும். பழகின காதுக்குத்தான் பிடிபடும். எனக்குப் பழகிவிட்டது. ஆறு மாதமாக நான்தான் அவளுக்கு மொழிபெயர்ப்பாளன், கேன்டீனில், பி.எஃப். ஆபீஸில், ஆட்டோக்காரரிடம். அவள் ஊதுவாள், நான் பேசுவேன். "அண்ணா, ஆபீசுக்குக் கொண்டு போற மாதிரி ஒரு சின்னக் கத்தி வாங்கணுங்கண்ணா. வெலை ரொம்ப வேண்டாம். சனிக்கிழமை கூட வாறீங்களா? உங்களுக்குத்தான் ரூல்ஸெல்லாம் தெரியும்." ரூல்ஸ் எனக்குத் தெரியும்தான். அட்மின் செக்‌ஷனில் இருபத்தாறு வருஷமாகச் சர்க்குலர் அடிக்கிறவன் நான். அவளுக்கு எதற்குக் கத்தி என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, ஒரு தரம் கழுத்தில் துணி இறுகினவள் இனிமேல் கைப்பையில் கத்தி இல்லாமல் வெளியே போக மாட்டாள், நானாக இருந்தாலும் அப்படித்தான். போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து இரண்டு ராத்திரித் தூக்கம் போனது. ஒப்பணக்கார வீதியில் இத்தனை கூட்டத்தில் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடும்போதுகூட ஒரு நப்பாசை, கடை மூடியிருக்கும், இன்றைக்கு லீவு விட்டிருப்பார்கள். சந்துக்குள் நுழைந்தால் கத்தரிக்கோல், அரிவாள்மனை, முடிவெட்டுகிற கத்தி எல்லாம் பளபளவென்று தொங்கவிட்டுக்கொண்டு பாய் வாங்க வாங்க என்கிறார்.

"என்ன உபயோகத்துக்கு சார்?" என்கிறார் பாய். நான் கலாமணியைப் பார்க்கிறேன். அவள் சொல்கிறாள், நான் குனிந்து கேட்டுத் திருப்பிச் சொல்கிறேன். "ஆபீஸ்ல கவர் பிரிக்க, பார்சல் கட்டு அறுக்க, பழம் கிழம் நறுக்க. ஆனா அவசரத்துக்கு ஒத்தைக் கையிலயே தொறக்கணும்னு சொல்றாங்க." ஒத்தைக் கை என்பது என் வாயிலிருந்து வரும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பாய் அவளை ஒரு தரம் பார்க்கிறார், அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் காட்டன் காலரைப் பார்க்கிறார், பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் குனிந்துகொள்கிறார், நல்ல மனுஷர். "நீளம் எவ்வளவு இருக்கலாம்?" மூன்று அங்குலத்துக்குள் என்று நானே சொல்கிறேன், பிளேடு மட்டும் மூன்று அங்குலம், பட்டனை அமுக்கினால் தானாகப் பாய்கிற ரகம் கூடாது, இரண்டு பக்கமும் கூர் இருக்கக் கூடாது. மனப்பாடம். ஏப்ரல் மாதச் சர்க்குலரில் மூன்றாவது பத்தி அது. விபத்துக்குப் பிறகு மேனேஜர் கூப்பிட்டு, வெள்ளிங்கிரி, இனிமே செக்‌ஷனுக்கு ஒருத்தராவது சின்னக் கத்தி வெச்சிருக்கட்டும், பழைய ஆர்டரைக் கேன்சல் பண்ணிடுங்க என்றார். உட்கார்ந்து அடித்தேன். பழைய ஆர்டரையும் நான்தான் அடித்தேன்.

பழைய ஆர்டர் வந்தது அதற்கு முந்தின வருஷம். ஃபவுண்டரி ஆட்கள் இரண்டு பேர் போனஸ் சண்டையில் ஒருத்தனை ஒருத்தன் குத்தப் போனார்கள், போனார்கள் அவ்வளவுதான், சட்டைதான் கிழிந்தது. மேனேஜர் மறுநாள் காலையில் இரண்டே வரி சொன்னார், கம்பெனி வளாகத்துக்குள் கத்தி, பிளேடு கொண்டு வரக் கூடாது, மீறினால் சஸ்பென்ஷன். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது வெறும் வாயால் சொன்ன மாதிரி இருந்தது, சர்க்குலர் என்றால் ஒரு கம்பீரம் வேண்டாமா? கூரிய முனையுள்ள எந்தவொரு பொருளையும் எக்காரணம் கொண்டும் என்று நானாகச் சேர்த்தேன். எக்காரணம் கொண்டும். அடித்து முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே மிடுக்காக இருந்தது. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். லேமினேட் செய்து ஆறு இடத்தில் ஒட்டச் சொன்னேன், டெஸ்பாட்ச் ஹாலில் பெல்ட்டுக்கு நேர் மேலே தூணில் ஒன்று. ஒட்டிவிட்டு என் அறைக்கு வந்து பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்துக் கொய்யாப்பழம் நறுக்கித் தின்றேன். அதில் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. சர்க்குலர் அடிக்கிறவன் சர்க்குலருக்கு உள்ளே வர மாட்டான் என்று ஒரு நினைப்பு. பொருட்காட்சியில் வாங்கின கத்தி, கட்டை விரலை ஒரு குமிழில் வைத்துத் தள்ளினால் போதும், திறந்து நிற்கும். கேட்டில் செக்யூரிட்டி எல்லாரையும் தடவிப் பார்த்தான், என்னைப் பார்த்தால் சல்யூட் அடித்தான்.

"இதைப் பாருங்க சார், இது வெலையும் கம்மி, நல்லாவும் உழைக்கும்." பாய் ஒன்றை நீட்டவில்லை, மேசையில் வைத்து என் பக்கம் நகர்த்துகிறார். கலாமணி அதை எடுத்துக் கட்டை விரலால் முயற்சி செய்கிறாள், நகம் வழுக்குகிறது, இரண்டாம் தரம் பாதி திறந்து நின்றுவிடுகிறது. அவள் அதை மேசையில் வைத்துவிட்டு என்னைக் காட்டிக் கையசைக்கிறாள். நீங்க தொறந்து பாருங்கண்ணா. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடுகிறேன், ஒன்றும் அகப்படவில்லை, எடுக்கிறேன். கையில் எடுத்ததும் விரல்கள் தாமாக அதனதன் இடத்துக்குப் போய்விட்டன, நான் ஒன்றும் செய்யவில்லை, கட்டை விரல் நகர்ந்தது, க்ளிக். பிளேடு வெளியே நிற்கிறது. ஒரு விநாடிகூட ஆகியிருக்காது. பாய் சிரிக்கிறார். "சாருக்குப் பழகின கை." என் காது மடல் சுடுகிறது. இல்லிங்க பாய், சும்மா என்னமோ வந்துருச்சு என்கிறேன். பாய் வேறு எதையோ எடுக்கக் குனிந்துவிட்டார். கலாமணி பிளேடைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், என் முகத்தை அல்ல. அப்புறம் முகத்தைப் பார்க்கிறாள், புன்னகைக்கிறாள். அந்தப் புன்னகையில் சந்தேகம் இருக்கிறதா என்று தேடுகிறேன், ஒரு துளியும் இல்லை. இல்லாததுதான் தாங்கவில்லை. மடக்க வரவில்லை எனக்கு, லாக்கை எந்தப் பக்கம் தள்ளுவதென்று விரலுக்கு மறந்துவிட்டது, பாய்தான் வாங்கி மடக்கினார்.

ஒரு விநாடி. பாக்கெட்டிலிருந்து எடுக்க ஒன்று, திறக்க ஒன்று, அறுக்க ஒன்று. மூன்று என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய துண்டைக் குழாயில் கட்டி இழுத்துப் பிடித்துச் செய்து பார்த்திருக்கிறேன், எத்தனை தரமோ, மூன்று விநாடிக்கு மேல் ஒரு தரமும் ஆனதில்லை. பதற்றத்துக்கு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள். ஐந்து. அன்றைக்கு ஆனது இருபத்தைந்து, கேமராவில் மணி ஓடுகிறது, விசாரணைக்காக நானே போட்டுப் பார்த்து அறிக்கை எழுதினேன். அட்டைப் பெட்டியில் லேபிள் ஒட்டக் குனிந்தாள், துப்பட்டா நுனி பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவே போனது, அவளுக்கே முதலில் தெரியவில்லை, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி லேசாகத் தலையைத் திருப்பினாள். பெல்ட்டை நிறுத்துகிற சிவப்பு ஸ்விட்சுக்கு முன்னால் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஒருத்தன் மெயினை அணைக்க ஓடினான். நான் லாரி சலான் விஷயமாக அங்கே போயிருந்தேன், அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். கை பாக்கெட்டுக்குள் போனது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கத்தியின் பிடி விரலில் பட்டது, சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக. நிமிர்ந்தேன். தூணுக்குப் பக்கத்தில் மேனேஜர் ஓடி வந்து நிற்கிறார், அவர் தலைக்கு மேலே என் சர்க்குலர், எக்காரணம் கொண்டும். கை வெளியே வந்துவிட்டது. வெறும் கையாக வந்தது. யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன், யோசிக்கவெல்லாம் நேரமில்லை, பயந்தேன், ஒரு சஸ்பென்ஷன் ஆர்டருக்குப் பயந்தேன், அதை யார் அடிப்பார்கள் என்றுகூட அந்த நேரத்தில் ஒரு நினைப்பு ஓடியது. அப்புறம் இரண்டு கையாலும் துணியைப் பிடித்து இழுத்தேன், கிழியவில்லை, நைலான் கலந்த துணி, வாயை வைத்தேன். முன்பல் பாதி உடைந்தது. துணியில் ஒரு ஓட்டை விழுந்து கிழியத் தொடங்கியபோது பெல்ட்டும் நின்றது.

இதில் ஒரு வழக்கு இருக்கிறது, ஆறு மாதமாக எனக்குள்ளேயே நடக்கிறது, வக்கீல் நான், எதிர்வக்கீல் நான், தீர்ப்புச் சொல்ல மட்டும் ஆளில்லை. டாக்டர் சொன்னார், குரல்வளை நசுங்கிவிட்டது, உயிர் தங்கியதே பெரிது. எத்தனையாவது விநாடியில் நசுங்கியது டாக்டர் என்று நான் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார், அதையெல்லாம் சொல்ல முடியாதுங்க என்றார். நாலாவது விநாடியிலேயே நசுங்கியிருந்தால் நான் கத்தியை எடுத்தாலும் ஒன்றுதான், எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். அப்படித்தான் இருக்கும் என்று சில நாள் காலையில் எழுந்திருக்கும்போது நிம்மதியாக இருக்கும், பல் துலக்கும்போது உடைந்த பல்லில் பிரஷ் படும், இல்லை, இருபதாவது விநாடி என்று தோன்றிவிடும். கலாமணி டெஸ்பாட்சில் இருந்தபோது அவள் கூப்பிடுவது என் அறைவரை கேட்கும், பொள்ளாச்சி லோடு, தாராபுரம் லோடு, யாருங்க டிரைவரு, வண்டியை ரிவர்ஸ் எடுங்க. மைக் வேண்டாம் அவளுக்கு. எரிச்சலாக இருக்கும் எனக்கு, ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். இப்போது அந்த ஜன்னல் எந்நேரமும் திறந்தே கிடக்கிறது, புதுப் பையன் ஒருத்தன் விசில் வைத்துக்கொண்டு ஊதுகிறான். ஜன்னலைச் சாத்தப் போனால் கை வரமாட்டேன் என்கிறது.

"இன்னும் கொஞ்சம் எடை கம்மியா இருக்குதாங்கறாங்க பாய்." சொல்லிவிட்டேன், அவள் கேட்டதைச் சொல்லிவிட்டேன், மனசு எங்கே இருந்தாலும் வாய் அவள் வேலையைச் செய்துவிடுகிறது. பாய் உள்ளே போய் அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டு வருகிறார். சந்தில் யாரோ சாணைச் சக்கரம் சுற்றுகிறார்கள், இரும்பு தேய்கிற சத்தம், பல் கூசுகிறது. ஆகஸ்ட் பதினைந்து கொடியேற்றத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். உயிர் காத்த வீரர் என்று பாராட்டுப் பத்திரம், அதற்கும் வாசகம் நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது, மேனேஜர் சொன்னார், நீங்க எழுதினாத்தான் வெள்ளிங்கிரி நல்லா இருக்கும். பத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கழுத்தைச் சுற்றி அந்த ஜரிகைத் துணி விழுந்ததும் எனக்கு மூச்சு முட்டியது, எல்லாரும் கை தட்டுகிறார்கள், முன் வரிசையில் கலாமணி, புருஷன், மடியில் பெண் குழந்தை, மூன்று பேரும் தட்டுகிறார்கள். அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுப் போனார்கள். கேசரி, காபி. குழந்தை அம்மாவிடம் போய் நின்று காதை அவள் வாயோடு ஒட்டவைத்துக்கொண்டு கேட்கிறது, கேட்டுவிட்டுச் சிரிக்கிறது, அம்மா என்றால் காதுக்குள் ஊதுகிற ஆள் என்று அது முடிவு செய்துவிட்டது போலிருக்கிறது. புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க எங்களுக்குக் கொலதெய்வம் மாதிரிங்கண்ணா என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். மேடையிலேயே சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் அடுத்த இடம் இதைவிட வசதி என்று நகர்த்திக்கொண்டே வந்து இப்போது கத்திக் கடையில் வந்து நிற்கிறேன்.

கத்தியைத் தூக்கிப் போட்டிருக்கலாம் அல்லவா என்றால், போடப் போனேன். உக்கடம் குளக்கரைக்கு மூன்று தரம் போயிருக்கிறேன். கையில் எடுத்து ஓங்கவும் செய்தேன், யாராவது பார்ப்பார்களோ என்று திரும்பிப் பார்த்ததில் நின்றுவிட்டது. ஒரு தரம் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன், பத்தரை மணிக்குள் பாக்கெட் காலியாக இருப்பது என்னவோ செய்தது, யார் கழுத்தில் எது போட்டிருந்தாலும் கண் அங்கேயே போனது, அக்கவுன்ட்ஸ் பெண்ணின் அடையாள அட்டை நாடா, கேன்டீன்காரம்மாவின் முந்தானை, என் சட்டைக் காலர். அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டேன். இப்போது அதை வைத்திருக்க ரூல்ஸ் இடம் கொடுக்கிறது, பிளேடு இரண்டே முக்கால் அங்குலம், நானே ஸ்கேலால் அளந்தேன். ஆனால் ஆபீஸில் அதை ஒரு நாளும் வெளியே எடுத்ததில்லை. கொய்யாப்பழத்தைக் கடித்துத் தின்கிறேன், உடைந்த பல்லோடு. எடுத்தால் யாராவது கேட்பார்கள், எப்ப வாங்கினீங்க? சாதாரணக் கேள்வி. அதற்குப் பொய் ஒன்று தயாராக வைத்திருக்கிறேன், போன வாரம். பயன்படுத்த வாய்ப்பு வந்ததில்லை.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பச்சைப் பிடி, எடை குறைவு, ஆனால் லாக் கொஞ்சம் ஆடுகிறது. இன்னொன்று சாம்பல் நிறம், பிடியில் சொரசொரப்பு, விலை நூறு ரூபாய் கூட. கலாமணி இரண்டையும் மாற்றி மாற்றி என் பக்கம் தள்ளுகிறாள், எடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறாள். "உன்ற கைக்கு எது நல்லா இருக்குதோ அதைப் பாரு அம்மிணி, என்ற கையில என்ன இருக்குது" என்கிறேன். அவள் கேட்டுக்கொள்வதாக இல்லை. என் விரலை எடுத்துப் பிடியின் மேல் வைத்து, வழுக்குதா என்று முகத்தாலேயே கேட்கிறாள். சாம்பல் நிறம்தான் என்றேன். ஆடுகிற லாக்கை அவளுக்கு வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. பாய் பேப்பர் ஒன்றை நீட்டினார், கலாமணி அதை வைத்து நறுக்கினாள், சரக்கென்று போனது. துணி ஒன்று கேட்டாள், பாய் துடைக்கிற பழைய பனியன் துணியைக் கொடுத்தார். அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்னை அறுக்கச் சொன்னாள். இரண்டு கையாலும் அவள் பிடித்திருக்கிறாள், நடுவில் துணி விறைத்து நிற்கிறது, நான் அறுக்கிறேன். நோகாமல் போய்விட்டது. இரண்டு துண்டாக அவள் இரண்டு கையிலும் தொங்குகிறது, அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் சந்தைப் பார்க்கிறேன்.

பணம் அவளே கொடுத்தாள். நான் பர்ஸை எடுக்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தாள். அது வலது கை, வலது பாக்கெட்டுக்குப் போன கை, அவள் விரல் என் மணிக்கட்டில் இருக்கிறது, ஒரு இம்மி கீழே இறங்கினால் துணிக்கு மேலாக அது தட்டுப்படும். பர்ஸ் இடது பக்கம்தான் இருக்கிறது, எதற்கு வலது பக்கம் போனேன்? பாய் கத்தியைச் சின்ன அட்டைப் பெட்டியில் போட்டு ரப்பர் பேண்டு மாட்டிக் கொடுத்தார். போகலாமா என்று நான் திரும்பினேன். முடிந்தது, தப்பித்தேன், அடுத்த இடத்துக்கு நகர்த்தியாயிற்று. கலாமணி நகரவில்லை. பெட்டியை மேசையில் என் பக்கமாக வைத்தாள். என் தோளைத் தொட்டாள். நான் குனிந்தேன். "இது உங்களுக்குத்தானுங்கண்ணா. கையில குடுத்தா ஆகாதும்பாங்க, ஒறவு அந்துரும். அதான் வெச்சிருக்கறன். நீங்களா எடுத்துக்குங்க." நான் நிமிரவில்லை. அவள் மூச்சு இன்னும் காதில் படுகிறது. "அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு இருந்திருந்தா பல்லு போயிருக்காது. என்ற சம்பளத்துல எடுத்துத் தரணும்னு அப்பவே நெனச்சனுங்கண்ணா."

அவளுக்கு வருத்தம் என் பல்லைப் பற்றி. இத்தனை மாதமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் பல்லை. நான் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சந்து முனையில் ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பழையதை இன்றைக்கே குளத்தில் போட்டுவிடலாம், இனிமேல் அதற்குத் தேவை இல்லை, இனி ஆபீஸில் எல்லார் முன்னாலும் கத்தி எடுத்துப் பழம் நறுக்கலாம், யாராவது கேட்டால் கலாமணி வாங்கித் தந்தது என்று சொல்லலாம், அதில் பொய்கூடக் கிடையாது. எவ்வளவு ஒழுங்காக எல்லாம் சேர்ந்து வருகிறது. எடு என்று சொல்கிறேன் கைக்கு. கை பெட்டிக்குப் போகவில்லை. எனக்கு அழுகை வருகிறது, ஐம்பத்திரண்டு வயதில் கத்திக் கடையில் நின்றுகொண்டு அழுகிறேன், பாய் பில் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி பாவனை செய்கிறார். கலாமணி சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தோளைத் தட்டுகிறாள். தட்டாதே, அம்மிணி.

பாக்கெட்டிலிருந்து எடுத்து அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். கண்ணாடியில் டொக்கென்று சத்தம் வருகிறது. பிடியில் பெயின்ட் போய் வெளுத்திருக்கிறது, இடுக்கில் கொய்யா விதை ஒன்று காய்ந்து கிடக்கிறது. அவள் அதைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், முகம் மலர்கிறது, ஓ, நீங்களே வாங்கிட்டீங்களா என்று. எப்ப என்று உதடு கேட்கிறது. போன வாரம், நாக்கு நுனியில் இருக்கிறது, தயாராக, எத்தனையோ நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறது. "ரெண்டு வருசம் ஆச்சு அம்மிணி," என்கிறேன். "அன்னிக்கும் இருந்துது. பாக்கெட்லயே இருந்துது. மேனேஜர் நின்னாரு. வேல போயிருமோன்னு பயந்துட்டன். எடுக்கல." இவ்வளவுதான். ஆறு மாதமாக எத்தனை விதமாகவோ எழுதி எழுதி அடித்த வாசகம், இதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

அவள் கை என் தோளிலிருந்து போய்விட்டது. எப்போது போனதென்று தெரியவில்லை. பழைய கத்தியை எடுக்கிறாள், அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறாள். கட்டை விரலைக் குமிழில் வைக்கிறாள். க்ளிக். அவளுக்கே முதல் தரத்திலேயே திறந்துவிட்டது, இரண்டு வருஷம் தினமும் திறந்து திறந்து வழுவழுப்பாகிப் போன கத்தி. மடக்குகிறாள். திறக்கிறாள். மடக்குகிறாள். திறக்கிறாள். சாணைச் சத்தம் நின்றுவிட்டது சந்தில். அவள் உதடு அசைகிறது. என் காதுப் பக்கம் வரவில்லை அவள், என்னைப் பார்க்கவும் இல்லை, நேராகப் பாயைப் பார்த்துச் சொல்கிறாள். பாய் மேசைமேல் சாய்ந்து காதைக் கொண்டு வருகிறார், "என்னங்கம்மா?" அவள் மறுபடியும் சொல்கிறாள், கழுத்து நரம்பு புடைக்கச் சொல்கிறாள். அவருக்குப் பிடிபடவில்லை. அவர் என் பக்கம் திரும்புகிறார், மத்தியானம் முழுக்கத் திரும்பின மாதிரி. "என்ன சொல்றாங்க சார்?" எனக்குக் கேட்டது. முதல் தரமே கேட்டது. அவள் இப்போது என்னைப் பார்க்கிறாள், காத்துக்கொண்டிருக்கிறாள், இதைச் சொல்வதற்கும் அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை.

"இத்தன சுளுவாத் தொறக்குதேங்கறாங்க பாய்," என்கிறேன்.